கடைசி வீட்டுக்கு யார் போவது?

தலைப்பு: பேரிடர்க் காலத்தில் மக்களைப் பெரிதும் காப்பது அரசின் முன்னேற்பாடே! மக்களின் மனிதநேயமே!

(‘அரசின் முன்னேற்பாடே’ என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் உருக்கமாகப் பேசினார். 2015-ல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது மீனவர்கள் படகைக் கொண்டுவந்து, முன்பின் தெரியாதவர்களை மாடியிலிருந்து இறக்கினார்களே, அது மனிதநேயம் இல்லையா என்று கேட்டார். 2018-ல் கேரளத்து வெள்ளத்திலும் மீனவர்கள்தானே முதலில் ஓடிவந்தார்கள் என்றார். அத்தனையும் உண்மை. அவர் சொல்லச் சொல்ல, முன்வரிசையில் இரண்டு அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்த மீனவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நடுவர் அவர்களே, எனக்கு ஒரே ஒரு கேள்வி. மாடி ஜன்னலுக்குப் படகு வரவேண்டிய நிலைமை ஏன் வந்தது? தண்ணீர் மாடிக்கு வருவதற்கு முன்னால் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டியவர் யார்? மனிதநேயம், மூழ்கிய பிறகு கை கொடுக்கும். முன்னேற்பாடு, மூழ்குவதற்கு முன்பே கைபிடித்து அழைத்துக்கொண்டு போகும். எது பெரிது என்பதுதான் இன்றைய வழக்கு! (கைதட்டல்)

என் வீட்டுக்காரர் ரொம்ப மனிதநேயம் உள்ளவர். மின்சாரம் போனால், “யாரும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்”னு முதல் குரல் கொடுப்பார். (சிரிப்பு) அப்புறம் இருட்டிலேயே மெழுகுவர்த்தியைத் தேடுவார். மெழுகுவர்த்தி கிடைத்தால் தீப்பெட்டி கிடைக்காது. தீப்பெட்டி கிடைக்கிற நேரத்தில் மின்சாரம் வந்துவிடும்! “பார்த்தியா, கண்டுபிடிச்சிட்டேன்”னு வெற்றியோடு நிற்பார். (பலத்த சிரிப்பு) வெளிச்சம் இருக்கும்போதே இரண்டையும் ஒரே இடத்தில் எடுத்து வைப்பதற்குப் பெயர்தான் முன்னேற்பாடு. அதற்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனால் இருட்டில் யாரும் தடுக்கி விழமாட்டார்கள்.

நடுவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். தமிழ் வாத்தியாரம்மா, இந்த இடத்தில் ஒரு குறள் சொல்வாங்கன்னு காத்திருக்கிறார். நான் சொல்லப்போவதில்லை ஐயா. எந்தக் குறள் என்று இங்கே உள்ள எல்லாருக்கும் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூட ஒப்பிக்கும். ஒப்பிக்கத் தெரிந்த நாம் அதைச் செய்யத் தொடங்கியது எப்போது? அதைத்தான் நான் பேச வந்தேன்.

கொஞ்சம் பழைய கதை. புயல் வந்தால் வானொலியில் என்ன சொல்வார்கள்? “துறைமுகத்தில் ஏழாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது.” ஏழு என்றால் என்ன? யாருக்குத் தெரியும்? மொத்தம் பதினொன்று இருக்கிறது. “ஏழுதானே, இன்னும் நாலு பாக்கி இருக்கே”ன்னு மாடியில் வடாம் காயப்போட்ட குடும்பங்கள் உண்டு! (சிரிப்பு) ஏன் புரியவில்லை? அந்தக் கூண்டு நமக்காக ஏற்றப்பட்டதே இல்லை. அது கப்பலுக்குச் சொல்லும் செய்தி. 1864-ல் கல்கத்தாவை ஒரு பெரும்புயல் தாக்கியது. துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை சொல்லும் வழக்கம் அதை ஒட்டித்தான் தொடங்கியது. 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. வெள்ளைக்காரனுக்குக் கப்பலைப் பற்றிக் கவலை. குடிசைக்குச் செய்தி சொல்ல யாரும் இல்லை.

சுதந்திரம் வந்த பிறகாவது மாறியதா? பல காலம் மத்திய அரசில் பேரிடர் எந்த அமைச்சகத்தின் கையில் இருந்தது தெரியுமா? வேளாண்மை அமைச்சகத்தின் கையில்! ஆபத்து என்றாலே வறட்சி, பயிர் அழிவு என்றுதான் நினைப்பு. வெள்ளம் வரட்டும், கணக்கெடுப்போம், நிவாரணம் கொடுப்போம் என்பதுதான் முறை. 2001 ஜனவரி 26. நாடே குடியரசு தினம் கொண்டாடிக்கொண்டிருந்த காலை வேளையில் குஜராத்தில் பூமி அதிர்ந்தது. பல்லாயிரம் பேர் இடிபாட்டில் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான், 2002-ல், இந்தப் பொறுப்பு உள்துறை அமைச்சகத்துக்கு மாறியது.

இப்போது என் வழக்கின் முக்கியமான சாட்சியை அழைக்கிறேன். அந்தச் சாட்சி ஒடிசா.

1999 அக்டோபர் 29. பாரதீப் பக்கத்தில் ஒரு சூப்பர் புயல் கரையைக் கடந்தது. மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகம். காற்று மட்டுமா? கடலே எழுந்து வந்தது. 5 முதல் 6 மீட்டர் உயரம், அதாவது இரண்டு மாடி உயரத்துக்குத் தண்ணீர். எரசமா என்ற பகுதியில் ஊர் ஊராகத் துடைத்துக்கொண்டு போனது. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். புயல் வருகிறது என்று வானிலைத் துறை சொல்லாமல் இல்லை. சொன்னார்கள். ஆனால் சொன்னால் போதுமா? “ஓடுங்கள்” என்றால் எங்கே ஓடுவது? மண் குடிசையை விட்டால் அடுத்த மண் குடிசை. அந்த நீண்ட கடற்கரை முழுவதற்கும் புயல் பாதுகாப்பு மையங்கள் இருபதுக்குச் சற்று மேல்தான் இருந்தன.

எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன். அந்த ஊர்களில் மனிதநேயம் இல்லையா? அண்டை வீட்டுக் குழந்தையைத் தோளில் தூக்கியவன் இல்லையா? இருந்தான்! தூக்கிக்கொண்டு ஓட ஒரு மேடு இல்லை. குழந்தையும் போயிற்று, தூக்கியவனும் போனான். (அரங்கில் அமைதி)

அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஒடிசா அரசு பேரிடருக்கென்று தனி ஆணையம் அமைத்தது. இந்தியாவில் அப்படி அமைத்த முதல் மாநிலம் அதுதான். இருபதுக்குச் சற்று மேல் இருந்த பாதுகாப்பு மையங்கள் இன்று எண்ணூறைத் தாண்டிவிட்டன. 2013 அக்டோபர் 12-ல் பைலின் புயல் கோபால்பூர் அருகே வந்தது. 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம். வருவதற்கு முன்பே ஏறக்குறைய 10 லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். புயலிலும் பின்னால் வந்த வெள்ளத்திலும் சேர்த்து ஒடிசாவில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. 2019 மே 3, பானி புயல், பூரிக்குப் பக்கத்தில். சுமார் 12 லட்சம் பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். இறந்தவர்கள் 64 பேர். அந்த அறுபத்து நாலும் நமக்கு வலிதான். ஆனால் பத்தாயிரம் எங்கே, அறுபத்து நாலு எங்கே?

நண்பர் எழுந்து சொல்லக்கூடும், “அம்மா, 1999 புயலுக்கு வேகம் அதிகம்” என்று. அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். வேகம் நாலில் ஒரு பங்கு குறைந்தால் சாவும் நாலில் ஒரு பங்குதானே குறைய வேண்டும்? நூற்றில் ஒரு பங்கை விடவும் கீழே போனது எப்படி? அதே கடல்! அதே ஜனங்கள்! அதே ஏழ்மை! மாறியது ஒன்றே ஒன்று. அரசாங்கம் முன்கூட்டியே எழுந்துகொண்டது! (பலத்த கைதட்டல்)

சரி, பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்துவது என்றால் லேசா? நம் வீட்டில் நாலு பேரைக் கல்யாணத்துக்குக் கிளப்பவே நாம் படுகிற பாடு நமக்குத் தெரியும்! (சிரிப்பு) கடற்கரைக் குடிசையில் ஒரு பாட்டி இருக்கிறாள். நம்ம ஊர்ப் பாட்டியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். “ஆத்தா, புயல் வருது, கிளம்பு”ன்னா கிளம்புவாளா?

“நான் எத்தனை புயலைப் பார்த்திருக்கேன், போடா.”

“இல்ல ஆத்தா, இது பெரிசு.”

“என் ஆட்டுக்குட்டியை யாரு பார்ப்பா? வீட்டைத் திறந்து போட்டுட்டு வந்தா பானையில இருக்கிற அரிசியை எவன் காப்பாத்துவான்? அங்க வந்தா எனக்கு யாரு கஞ்சி ஊத்துவா?”

இது அறியாமையா? இல்லை. இது வறுமையின் நியாயமான கேள்வி. அவளுடைய சொத்தே அந்த ஆட்டுக்குட்டிதான். வெறும் எச்சரிக்கையால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஏற்பாட்டால்தான் சொல்ல முடியும். “ஆட்டை மேட்டில் கட்டலாம், சோறு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, ஊருக்குக் காவல் இருக்கிறது, வண்டி வாசலில் நிற்கிறது.” இத்தனையும் தயாராக இருந்தால்தான் பாட்டி படியிறங்குவாள். வானிலைச் செய்தி தில்லியிலிருந்து மாநிலத் தலைநகரத்துக்கு வர ஒரு நிமிடம். அங்கிருந்து கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு நிமிடம். அங்கிருந்து கடைசி வீட்டுப் பாட்டியின் காதுக்கும் மனசுக்கும் போகிற தூரம் இருக்கிறதே, அதைக் கடக்கப் பல ஆண்டு உழைப்பு வேண்டும்!

ஒடிசாவில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். பல பாதுகாப்பு மையங்களைப் பூட்டி வைக்காமல் பள்ளிக்கூடமாக நடத்துகிறார்கள். பூட்டி வைத்த கட்டடத்தில் புயல் அன்றைக்குச் சாவியைத் தேடவேண்டும். என் வீட்டுத் தீப்பெட்டி மாதிரி! (சிரிப்பு) பள்ளிக்கூடம் என்றால் கதவு தினமும் திறக்கும், குழாயில் தண்ணீர் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இருட்டிலும் வழி தெரியும். பாட்டியின் கையைப் பிடித்து, “வா பாட்டி, என் ஸ்கூலுக்குத்தான் போறோம்”னு பேரன் சொல்லும்போது பாட்டி மறுக்கமாட்டாள்.

நம் வீட்டுத் துயரத்துக்கும் வருகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கத்தில் கடலடியில் பூமி நடுங்கியபோது நம் கடிகாரத்தில் மணி காலை 6.29. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நடக்கக் கால் மணி நேரம் போதும். கைக்குழந்தைக்காரி கூட நடந்திருப்பாள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். ஏன்? பசிபிக் பெருங்கடலுக்கு 1949-லிருந்தே சுனாமி எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. அந்த இரண்டு மணி நேரமும் யாருக்கும் உதவாமல் போயிற்று. அதன்பிறகு மனிதநேயம் வந்தது. லாரி லாரியாக வந்தது. அரிசி வந்தது, போர்வை வந்தது, கண்ணீர் வந்தது. பிள்ளைகள் திரும்பி வரவில்லையே ஐயா!

2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11-ல் மறுபடியும் சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம். நல்லவேளையாகப் பெரிய அலை எழவில்லை. ஆனால் இந்த முறை எச்சரிக்கை வந்தது. நம் கடலோர மக்கள் எழுந்து உள்ளே நடந்தார்கள். அலை வராமலே வீடு திரும்பினார்கள். அது ஏமாற்றமா? இல்லை, அதுதான் ஒத்திகை!

சுனாமி தந்த பாடத்தில் 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. தேசிய ஆணையத்துக்குப் பிரதமர் தலைவர், மாநிலத்துக்கு முதலமைச்சர், மாவட்டத்துக்குக் கலெக்டர். “யார் பொறுப்பு?” என்ற கேள்விக்கு முதல்முறையாகச் சட்டத்தில் பெயர் எழுதினார்கள். 2006-ல் தேசியப் பேரிடர் மீட்புப் படை பிறந்தது. 8 படைப்பிரிவுகளோடு தொடங்கியது, இன்று 16. அதில் ஒன்று நம் அரக்கோணத்தில் இருக்கிறது. இப்போதெல்லாம் செய்தியில் கவனித்துப் பாருங்கள். புயல் கரையைக் கடப்பதற்கு முன்பே அந்த வீரர்கள் கயிறும் ரப்பர் படகும் மரம் அறுக்கிற கருவியுமாக ஊரில் வந்து நிற்கிறார்கள். 2023-ல் நம் கைபேசி எல்லாம் ஒரே நேரத்தில் அலறியதே, ஞாபகம் இருக்கிறதா? பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை அது. என் வீட்டுக்காரர், “நான் எதையும் அமுக்கலையே”ன்னு கையை உயர்த்திட்டார்! (பலத்த சிரிப்பு) கப்பலுக்கு மட்டும் கூண்டு ஏற்றிய தேசம், உங்கள் சட்டைப்பையில் இருக்கிற பேசிக்கே செய்தி அனுப்பப் பழகிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டதா? அப்படிச் சொல்ல நான் அரசாங்கத்தின் விளம்பரக்காரி அல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் மீனவர்கள் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். எச்சரிக்கை கரையில் ஒலித்தபோது அவர்கள் கரையிலேயே இல்லை. நடுக்கடலில் கைபேசிக்குச் செய்தி எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. இந்தக் கடற்கரையில் மனிதநேயத்துக்குப் பஞ்சமா? ஊரே கரையில் நின்று கதறியதே! அந்தக் கதறல் படகுக்குக் கேட்டதா? கடலில் இருப்பவனுக்குச் செய்தி சொல்லச் செயற்கைக்கோள் வேண்டும், படகில் கருவி வேண்டும். அதைத் தனிமனிதன் செய்ய முடியுமா? தேசம்தான் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகளைப் படகுகளில் பொருத்த முனைந்தார்கள்.

“இதற்கெல்லாம் பணக்கார நாடாக இருக்க வேண்டும்” என்பார்கள். பக்கத்தில் வங்கதேசத்தைப் பாருங்கள். 1970-ல் போலா புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட மண் அது. 1991-ல் மறுபடியும் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். அதிலும் பெண்கள் அதிகம். பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லை, வீட்டுக்காரர் சொல்லாமல் கிளம்பவும் முடியவில்லை. 2007-ல் சித்ர் புயல் வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400. 2020-ல் அம்பன் புயலில் சில பத்துப் பேர். செல்வம் கொட்டியதாலா? இல்லை. ஊர் ஊராகத் தொண்டர்கள். கையில் ஒலிபெருக்கி, கொடி. ஒரு கொடி ஏறினால் கவனி, மூன்று கொடி ஏறினால் கிளம்பு! குடிசைக்குப் புரிகிற கூண்டு அது! இன்று அங்கே எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள். அதில் பாதிப்பேர் பெண்கள். அடுப்படி வரைக்கும் வந்து, “அக்கா, பிள்ளையைத் தூக்கு, போகலாம்” என்று சொல்ல ஒரு பெண்ணால்தானே முடியும்?

எனக்குப் பின்னால் பேச வரும் நண்பர் இப்போதே குறிப்பு எழுதுகிறார். “பார்த்தீர்களா, தொண்டர் என்றால் மக்கள்தானே, அது மனிதநேயம்தானே” என்று அடிக்கப்போகிறார். (சிரிப்பு) ஐயா, மனிதநேயம் மழை. அது எல்லா மனசிலும் பெய்கிறது. ஆனால் வாய்க்கால் வெட்டினால்தான் மழைநீர் வயலுக்குப் போகும். அந்தத் தொண்டருக்குப் பயிற்சி தந்தது யார்? எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவர், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி என்று பட்டியல் எடுக்கச் சொன்னது யார்? அந்த வாய்க்காலுக்குப் பெயர்தான் அரசின் முன்னேற்பாடு.

கடைசியாகப் பணக் கணக்கு. 2021 முதல் 2026 வரைக்கும் 15-வது நிதிக் குழு மாநிலங்களின் பேரிடர் நிதியைப் பங்கு பிரித்தது. நூறு ரூபாயில் நிவாரணத்துக்கு 40, மறுபடி கட்டிக்கொடுக்க 30, தயார்நிலைக்கு 10, ஆபத்தையே முன்கூட்டித் தணிக்க 20. அதாவது வந்த பின் 70 ரூபாய், வருமுன் 30 ரூபாய். தணிப்பு நிதி வேண்டும் என்று 2005 சட்டத்திலேயே எழுதினோம். தனிப் பங்கு ஒதுக்கப் பதினைந்து ஆண்டு ஆயிற்று. ஏன் இந்தத் தாமதம்? குற்றவாளி அரசு மட்டும் இல்லை, நாமும்தான். நிவாரணம் கொடுத்தால் போட்டோ எடுக்கலாம், நாம் கைதட்டுவோம். முன்னேற்பாட்டை எப்படிப் போட்டோ எடுப்பது? சாகாமல் இருக்கிற பாட்டியை யாராவது படம் பிடிப்பார்களா? அவள் பாட்டுக்கு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். நடுவர் அவர்களே, அந்த உரல் சத்தம்தான் ஓர் அரசாங்கம் வாங்கக்கூடிய பெரிய பாராட்டு! (பலத்த கைதட்டல்)

ஆகவே தாய்மார்களே, வெள்ளம் வடிந்த பிறகு “நிவாரணம் எங்கே?” என்று கேட்பது நம் உரிமை. ஆனால் ஆடி மாதமே, மழைக்கு முன்பே, “எங்கள் தெரு எங்கே போய்த் தங்குவது? அதன் சாவி யாரிடம்? வாய்க்கால் தூர் வாரியாச்சா? கடைசி வீட்டுக்கு யார் போவது?” என்று கேளுங்கள். கேட்டால்தான் பதில் தயாராகும்.

மக்களின் மனிதநேயம் நம் கண்ணீரைத் துடைக்கும், அதை வணங்குகிறேன். கண்ணீரே வராமல் செய்வது முன்னேற்பாடு. எனவே, பேரிடர்க் காலத்தில் மக்களைப் பெரிதும் காப்பது அரசின் முன்னேற்பாடே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)